பாடத்திட்டத்துக்குத் தணிக்கையாளர் யார்? தஞ்சையில் ஒரு 200 வருடக் கதை

வணிகவியல் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடமான கேள்வி ஒன்று உண்டு. உள் தணிக்கைக்கும் வெளித் தணிக்கைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து எழுதினால் மதிப்பெண் நிச்சயம்.

உள் தணிக்கையாளர் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். வருடம் முழுக்க அங்கேயே இருப்பதால் எந்தக் கிடங்கில் சரக்கு குறையும், எந்த ரசீதில் கையெழுத்து இருக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் நிர்வாகத்தைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது. வெளித் தணிக்கையாளர் பங்குதாரர்களால் நியமிக்கப்படுபவர். தைரியமாக எழுதலாம். ஆனால் சில நாட்கள்தான் வருவார், எடுத்துக் காட்டியதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்.

இதே கேள்வியைப் பள்ளிப் பாடத்திட்டத்துக்குக் கேட்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் படிப்பது சரியானதுதானா, பயனுள்ளதுதானா என்று சீர்தூக்கிப் பார்க்க யாரை அழைப்பது? தினமும் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் கல்வித்துறை அதிகாரிகளையுமா, அல்லது துறைக்குச் சம்பந்தமில்லாத வெளி நிபுணர்களையா? ஒவ்வொரு முறை பாடப்புத்தகம் மாறும்போதும் இந்த விவாதம் புதிதுபோல் கிளம்புகிறது. ஆனால் காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில் இதற்கு 200 வருட வரலாறு இருக்கிறது.

களத்துமேட்டுக் கணக்கு

வெள்ளைக்காரர் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பு ஊர்ப்பிள்ளைகள் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். 1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையரும் திண்ணைப் பள்ளியில் படித்தவர்தான். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதுவார்கள், பிறகு ஓலை. அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று படிப்பு படிப்படியாகப் போகும். மூத்த பிள்ளைகளில் ஒருவன் சட்டாம்பிள்ளை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை.

இதில் நெல்லிலக்கத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி அல்லது படி, 8 படி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலம் என்பது 12 மரக்கால், 96 படி. இதோடு பின்னங்களும் சேரும். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று. தஞ்சையில் நில அளவும் அப்படியேதான், 20 மா சேர்ந்தது ஒரு வேலி. எண்ணுக்கும் நிலத்துக்கும் ஒரே சொல்!

10 கலம் நெல்லில் ஒரு மா பங்கு எவ்வளவு என்று களத்துமேட்டில் கேட்டால், பத்து வயதுப் பையன் பலகை இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். அரைக் கலம், அதாவது 6 மரக்கால். குத்தகை, வாரம், கோயிலுக்குரிய பங்கு, அறுவடைக் கூலி எல்லாமே நெல்லாக அளக்கப்பட்ட பிரதேசத்தில் இந்தக் கணக்கு தெரியாதவன் கண் இருந்தும் குருடன் மாதிரி.

சரி, இந்தப் பாடத்திட்டத்தை மதிப்பிட்டது யார்? ஊர்தான். வாத்தியாருக்கு நெல்லும் காசும் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். பையன் ஓலையைப் படிக்கிறானா, அளவு சொல்கிறானா என்று பார்த்தவர்களும் அவர்களே. படிப்பு பயன்படவில்லை என்றால் வாத்தியாரின் வருமானத்தில் அது தெரிந்துவிடும். முழுக்க முழுக்க உள் மதிப்பீடு.

அதன் பலம் என்ன என்பது மேலே சொன்னதிலேயே தெரிகிறது. பாடம் வாழ்க்கையோடு ஒட்டி இருந்தது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, நெல் சுமந்த சேரி மக்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். கூலியை மரக்காலால் வாங்குகிறவனுக்கு மரக்கால் கணக்கு கற்றுத் தரப்படவில்லை. அளப்பவன் கை வைத்ததுதான் அளவு. ஊரே மதிப்பீடு செய்த காலத்தில் இது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. ஏனென்றால் மதிப்பிட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள். வெளியே நிறுத்தப்பட்டவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

மன்றோவின் படிவம்

1822 ஜூன் 25. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், அவர்கள் என்னென்ன சாதி, என்னென்ன புத்தகம் படிக்கிறார்கள், எத்தனை வருடம் படிக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு, மானியம் உண்டா என்று கலெக்டர்கள் விசாரித்து எழுத வேண்டும் என்பது உத்தரவு. தென்னிந்தியக் கல்விக்கு நடந்த முதல் பெரிய வெளித் தணிக்கை இது என்று சொல்லலாம்.

பதில்கள் வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தஞ்சாவூர் மாவட்டக் கணக்கில் 884 பள்ளிகள், உயர்கல்வி தரும் இடங்கள் 109, அந்த 109-இல் 769 மாணவர்கள். மாகாணம் முழுவதும் சேர்த்து 12,498 பள்ளிகள், மக்கள்தொகை 1,28,50,941 என்று 1826 மார்ச் 10-ஆம் தேதிக் குறிப்பில் மன்றோ தொகுத்துச் சொன்னார். பிற்காலத்தில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து 1983-இல் புத்தகமாக வெளியிட்டார். தமிழ் மாவட்டப் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பான்மையோர் அன்று சூத்திரர் என்று பதியப்பட்டவர்களும் பிற சாதியினரும்தான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற எண்ணம் அதனால் ஆட்டம் கண்டது.

இதில் வெளியாளின் பலத்தைப் பாருங்கள். சாதி, ஆண், பெண் என்று படிவத்தில் பத்தி பிரித்ததால்தான் யார் உள்ளே, யார் வெளியே என்பது முதல் முறையாக எண்ணாக மாறியது. ஊர்க்காரர் ஒருநாளும் எழுதிப் பார்த்திருக்க மாட்டாத கணக்கு அது. எண்கள் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், பெண்கள் பத்தியில் இருந்த வெறுமை கண்ணில் பட்டது.

வெளியாளின் பலவீனமும் அதே படிவத்தில் இருந்தது. என்ன புத்தகம் படிக்கிறார்கள் என்று கேட்டார்கள். என்ன செய்யக் கற்கிறார்கள் என்று கேட்கவில்லை. நெல்லிலக்கத்தை வாயாலும் கையாலும் கற்ற பையனின் திறமை எந்தப் பத்தியில் வரும்? பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகள் பொருள் தெரியாத செய்யுள்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அதே அறிக்கையில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை சிக்கனமானது என்று பாராட்டவும் செய்தார்.

அந்த முறையை அவருக்கு முன்பே வேறொரு வெளியாள் கண்டுகொண்டிருந்தார். சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் புகுத்தி, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. நம் ஊர்க்காரர்களுக்கு மணலும் சட்டாம்பிள்ளையும் தினசரிக் காட்சி, பேசுவதற்கே ஒன்றுமில்லாத விஷயம். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் அது செய்தியாகப் பட்டது.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

1854-இல் சார்லஸ் உட் அறிக்கை வந்தது. அடுத்த வருடம் சென்னை மாகாணத்தில் பொதுக்கல்வித் துறை உருவாகி, இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1860-களில் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்று அதைச் சொல்லலாம். இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் எந்த அளவில் தேறினார்களோ அந்தத் தலைக்கணக்குப்படி பள்ளிக்குப் பணம்.

இந்த யோசனை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதி அது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர், தானே பள்ளி இன்ஸ்பெக்டராக 35 வருடம் வேலை பார்த்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட். சோதிக்கப்படும் பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் வகுப்பிலிருந்து காணாமல் போகிறது என்பது அவரைப் போன்றவர்களின் வருத்தம். இங்கிலாந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த முறையைக் கைவிட்டது.

தஞ்சைப் பகுதித் திண்ணை வாத்தியாரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊர் கொடுக்கும் நெல் ஒரு பக்கம், சர்க்கார் மானியம் இன்னொரு பக்கம். மானியம் வேண்டும் என்றால் இன்ஸ்பெக்டரின் பட்டியலில் உள்ளதைச் சொல்லித்தர வேண்டும். அதில் பவுண்டு, ஷில்லிங் கணக்கு இருந்தால் அதைத்தான் நடத்துவார். நெல்லிலக்கத்துக்கும் குழிமாற்றுக்கும் காசு கிடையாது. கேட்கப்படாத பாடம் மெல்ல மெல்ல உதிர்ந்துவிடும். யாரும் அதைத் தடை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பாடத்திட்டத்தை மாற்றச் சட்டம் போட வேண்டாம், சோதிப்பவரின் கேள்வித்தாளை மாற்றினால் போதும்!

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் இன்னொரு குழுதான் என்பது சுவாரஸ்யம். 1882-இல் ரிப்பன் பிரபு காலத்தில் வில்லியம் ஹண்டர் தலைமையில் இந்தியக் கல்விக் கமிஷன் அமைந்தது. அதில் ஆங்கிலேய அதிகாரிகளோடு மிஷனரிகளும் இந்தியர்களும் இருந்தார்கள். சென்னையிலிருந்து கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்கநாத முதலியாரும் உறுப்பினர்கள். ஆரம்பப் பள்ளித் தேர்வுகளை எளிமையாக்கி, உள்நாட்டு முறையிலான கணக்கு, கணக்குப் பதிவு, அளவை போன்ற நடைமுறைப் பாடங்களை அதிகம் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கமிஷன் பரிந்துரைத்தது. அதாவது இன்ஸ்பெக்டரின் பட்டியலில் இல்லாமல் போனதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. உள்ளூர் தெரிந்தவர்களும் வெளியிலிருந்து பார்த்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்த பரிந்துரை அது. ஆனாலும் தேர்ச்சிக்கு மானியம் என்ற முறையை நாட்டுப் பள்ளிகளுக்குத் தொடரச் சொன்னதும் அதே கமிஷன்தான். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்துக்கொண்டது போல ஆயிற்று.

நெல்லிலக்கம் எப்படியும் ஒருநாள் போயிருக்கும் என்று வாதிடலாம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு மெட்ரிக் அளவைகள் வந்து மரக்காலை ஓரம் கட்டிவிட்டன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கிராமத்தில் அளவு மாறவில்லை. தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புக்காக 1952-இல் வந்த சட்டம்கூடக் கூலியை மரக்கால் நெல்லாகத்தான் பேசியது. வயலில் ஒரு கணக்கு, பள்ளியில் வேறு கணக்கு என்று பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன.

திருவையாற்றில் ஒரு மறுபரிசீலனை

இதுவரை சொன்னதில் வெளியாள் என்றால் வெள்ளைக்காரர் என்று தோன்றலாம். அப்படியில்லை. தஞ்சைக்காரர் ஒருவரே ஒரு கல்லூரிக்கு வெளியாளாக இருக்க முடியும் என்பதற்குத் திருவையாறு உதாரணம்.

காவிரிக் கரையில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் அறக்கட்டளை வருமானத்தில் நடந்தது அந்தக் கல்லூரி. அங்கே நடந்தது வடமொழிக் கல்வி. அங்கு படித்தவர்களுக்கும் படிப்பித்தவர்களுக்கும் அது இயல்பான ஏற்பாடு. தமிழ்நாட்டின் நடுவில் தமிழ் இல்லாத கல்லூரி என்பது உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கேள்வியாகவே எழவில்லை.

1920-களில் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக ஏ.டி.பன்னீர்செல்வம் வந்தார். நீதிக்கட்சிக்காரர், வழக்கறிஞர், கத்தோலிக்கர். அந்தக் கல்லூரிக்கு எந்த விதத்திலும் உள்ளாள் அல்ல. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனார் அவரோடு நின்றார். அறக்கட்டளையின் நோக்கம் கல்வி வளர்ப்பதுதானே, அது ஏன் ஒரு மொழிக்கு மட்டும் போக வேண்டும் என்று கேள்வி எழுந்தது. தமிழ் வித்துவான் படிப்பு அங்கே தொடங்கியது, கல்லூரி அரசர் கல்லூரி என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் எத்தனையோ தமிழாசிரியர்கள் அங்கிருந்து உருவாகித் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

இங்கே முடிவெடுத்தவர்கள் வகுப்பறை நுணுக்கம் எதையும் ஆராயவில்லை. இந்தக் காசு யாருக்காக வைக்கப்பட்டது என்ற ஒரே கேள்விதான். கம்பெனிச் சட்டம் படிக்கும்போது நிறுவன அமைப்பு ஆவணத்தின் நோக்கப் பகுதியை எடுத்துப் பார்ப்பதற்குச் சமம். உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே அபூர்வம்.

புத்தகம் வராத ஜூன்

இனி நம் காலத்துக்கு வரலாம். 2006-இல் தமிழ்நாட்டில் நான்கு வகைப் பள்ளிக்கல்வி இருந்தது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். திருத்துறைப்பூண்டி அரசுப் பள்ளியில் பத்தாவது படிப்பவனுக்கு ஒரு பாடத்திட்டம், தஞ்சாவூர் மெட்ரிக் பள்ளியில் படிப்பவனுக்கு வேறு. அந்த வருடம் செப்டம்பரில் முனைவர் ச.முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அவர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். தஞ்சை மாவட்டக் கல்லூரிகள் பலவும் இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் அது. பள்ளிக் கல்வித்துறைக்கு அவர் வெளியாள், ஆனால் அந்தப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களைப் பார்த்துப் பழகியவர். 2007 ஜூலையில் 109 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. அதில் பொதுப் பாடத்திட்டம் என்ற பகுதிதான் பெரிதும் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி வழிக் கல்வி, அருகமைப் பள்ளி போன்றவை தாளிலேயே தங்கின. மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, அவர் சொன்னதை ஏற்பது வேறொன்று!

2010-இல் சட்டம் வந்து, 1 மற்றும் 6-ஆம் வகுப்புகளில் சமச்சீர் புத்தகங்கள் வந்தன. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புத்தகங்களின் தரம் போதாது என்று சொல்லிப் புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்தது. ஜூன் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 1, 6 வகுப்புகளில் சமச்சீர் தொடரட்டும், மற்ற வகுப்புப் புத்தகங்களை ஒரு நிபுணர் குழு ஆராயட்டும் என்றது.

அந்தக் குழுவில் யார் இருந்தார்கள்? தலைமைச் செயலாளர் தலைவர். பள்ளிக் கல்வித்துறை உயர் அதிகாரிகள் இருந்தார்கள். கல்வியாளர்கள் என்று சேர்க்கப்பட்டவர்களில் பெரிய தனியார் பள்ளிகளை நடத்துபவர்களும் இருந்தார்கள். டெல்லி என்.சி.இ.ஆர்.டி.யிலிருந்து இருவர். பார்ப்பதற்கு உள்ளும் வெளியும் கலந்த நல்ல கலவை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திட்டத்தை நிறுத்த விரும்பிய அரசின் அதிகாரிகளே தலைமையில். பொதுப் பாடத்திட்டத்தால் தங்கள் தனித்தன்மை போய்விடும் என்று கவலைப்பட்ட தனியார் பள்ளித் தரப்பும் உள்ளே. அரசுப் பள்ளியில் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரின் குரல் எங்கே என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

ஜூலை தொடக்கத்தில் அறிக்கை வந்தது. புத்தகங்கள் உகந்தவை அல்ல என்பது அதன் சாரம். உயர் நீதிமன்றம் அதோடு நிற்காமல், உறுப்பினர்கள் தனித்தனியே கொடுத்த கருத்துகளையும் பார்த்தது. புத்தகங்களை மொத்தமாக ஒதுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லவில்லை, குறைகளைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் இருந்தது என்பது தெரிந்தது. ஜூலை 18-இல் திருத்தச் சட்டம் ரத்தானது. அரசு மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 25 காரணங்களைப் பட்டியலிட்டு, பத்து நாட்களுக்குள் சமச்சீர் புத்தகங்களைக் கொடுக்க உத்தரவிட்டது. அரசுக்கு ஆட்சேபணை உள்ள பக்கங்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுப் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன.

அந்த வருடம் குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கும் முன்பாக, ஜூன் 6-ஆம் தேதியே திறக்கப்பட்டது. டெல்டாவில் தண்ணீர் முன்கூட்டியே வந்தது, நாற்று விட்டாயிற்று, நடவும் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் மட்டும் இரண்டு மாதம் புத்தகம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் எந்தப் பாடத்தைப் படிப்பது என்று தெரியாமல் ஜூனையும் ஜூலையையும் கழித்தார்கள். டியூஷனுக்குப் பணம் இருந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ சமாளித்தார்கள். புத்தகம் ஒன்றே கதி என்று இருந்தவர்களுக்குத்தான் நஷ்டம். மதிப்பீட்டாளரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதற்கான அபராதத்தை மதிப்பீட்டாளர் கட்டுவதில்லை.

உப்பு பார்ப்பவரும் பந்தியில் இருப்பவரும்

மதிப்பீட்டுத் துறையில் மைக்கேல் ஸ்க்ரிவன் என்ற அறிஞர் 1967-இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். வேலை நடக்கும்போதே அதைத் திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு ஒன்று. வேலை முடிந்த பிறகு அது தேறுமா என்று தீர்ப்புச் சொல்லும் மதிப்பீடு இன்னொன்று. ராபர்ட் ஸ்டேக் என்பவர் இதைச் சமையலறை உதாரணத்தால் விளக்கினார். நம் ஊர்ப்படி சொன்னால், அடுப்பங்கரையில் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு உப்பு பார்ப்பது முதல் வகை. பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிட்டுச் சொல்வது இரண்டாம் வகை. சமைத்தவரே பந்தியில் உட்கார்ந்து நன்றாக இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? விருந்தாளி அடுப்பங்கரைக்குள் வந்து கரண்டியைப் பிடித்தாலும் சமையல் கெடும்.

தஞ்சைக் கதையை இதோடு வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது. பாடம் பிள்ளைக்குப் புரிகிறதா, எந்த வகுப்பில் எது கடினம், எந்தக் கணக்கு ஊருக்கு உதவும் என்பதை உள்ளே இருப்பவர்தான் சொல்ல முடியும். இன்ஸ்பெக்டருக்கு நெல்லிலக்கம் தெரியாமல் போனது அதனால்தான். யார் விடுபட்டார்கள், பணம் எதற்காக வைக்கப்பட்டது, இந்தப் பழக்கம் எப்போதிலிருந்து என்ற கேள்விகளை வெளியாள்தான் கேட்க முடியும். ஊர்ப் பெரியவர்களுக்குச் சேரிப் பிள்ளை கண்ணில் படாமல் போனதும், திருவையாற்றில் தமிழ் இல்லாதது உறுத்தாமல் போனதும் அதனால்தான்.

வெளியாள் என்ற பட்டம் மட்டும் போதாது என்பதும் வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தபோது, அந்தக் கணக்குகளில் பல வருடமாகக் கையெழுத்துப் போட்டிருந்தது உலகப் புகழ் பெற்ற வெளித் தணிக்கை நிறுவனம்தான். அதே போல 2011 குழுவிலும் வெளியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். பிரச்சினை அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் இல்லை. முடிவால் யாருக்கு லாபம், யார் அறிக்கையை எழுதுகிறார், ஒவ்வொருவர் சொன்னதும் அப்படியே வெளியே வருகிறதா என்பதில்தான் இருந்தது. தனித்தனிக் கருத்துகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இறுதி அறிக்கை மட்டுமே வரலாறாக நின்றிருக்கும்.

2017-இல் மறுபடியும் பாடத்திட்டம் மாற்ற வேண்டி வந்தபோது அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. இந்த முறை வரைவுப் பாடத்திட்டத்தை நவம்பர் மாதம் இணையத்தில் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மன்னார்குடியில் பாடம் நடத்தும் ஆசிரியரும் படித்துப் பார்த்துக் கருத்து அனுப்பலாம், சென்னைப் பேராசிரியரும் அனுப்பலாம். 2018 ஜூனில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. பாடச்சுமை அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் 2011 போல வகுப்பறை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே உள்ளாளா, வெளியாளா என்று ஒன்றை மட்டும் தேர்வு செய்யச் சொன்னால் கேள்வியே தவறு என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகம் எழுதும்போது உப்பு பார்க்க ஆசிரியர் வேண்டும். எழுதி முடித்த பிறகு தீர்ப்புச் சொல்ல, அதை எழுதாதவரும் அதனால் லாப நஷ்டம் இல்லாதவரும் வேண்டும். இருவர் அறிக்கையும் தனித்தனியாக, திருத்தப்படாமல் பொதுவில் வர வேண்டும். இதோடு மன்றோ படிவத்திலும் இல்லாத, இன்ஸ்பெக்டர் பட்டியலிலும் இல்லாத, 2011 குழுவிலும் இல்லாத ஓர் ஆளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு வெளியே போன பிள்ளை. உள்ளே இருந்து பார்த்ததும் அவன்தான், இப்போது வெளியே நிற்பதும் அவன்தான். பாடத்திட்டத்தின் கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவனைக் கேட்டால் தெரியும். 200 வருடமாக அவனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.